பெண்கள் விடுதிக்கு எந்த டிவி?

ஒரு கல்லூரிக்கு ஒரே வண்டியில் இரண்டு டிவி வந்தன. ஸ்மார்ட் டிவி ஆண்கள் விடுதிக்காம், கேபிள் மட்டும் ஓடும் சாதா டிவி பெண்கள் விடுதிக்காம். தாளாளர் தணிகாசலம் வழங்கிய நியாயம் அது!

இறுதியாண்டு படிக்கும் காயாம்பூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரசுத் தேர்வுக்கான பாடமெல்லாம் இணையத்தில் இருக்க, விடுதியில் நாற்பது பெண்கள் நாலைந்து கைபேசிகளைச் சுற்றி முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். வண்டியருகே நின்ற தாளாளரிடம் நேரே போய், ஸ்மார்ட் டிவி ஏன் தங்களுக்கு இல்லை என்று கேட்டாள்.

"அதுல நெட் வரும்மா. பொம்பளப் பிள்ளைங்க கெட்டுப்போவீங்க."

"பசங்க மட்டும் இரும்புல செஞ்சவங்களா சார்?"

கூடியிருந்த மாணவிகள் சிரித்தார்கள். தாளாளருக்கு மூக்கு சிவந்தது. "அதைப் பாத்துட்டுக் கெடாத ஒரே ஒரு ஆளைக் காட்டு. இப்பவே உங்களுக்குத் தர்றேன்!"

"அப்படி என்னதான் சார் வருது அதுல?"

"என்ன வரலேன்னு கேளு! கொரியாக்காரன் காதல் தொடர், பதினாறு பாகம். கடைசியில அந்தப் பொண்ணு அப்பனை எதிர்த்துக்கிட்டு ஓடிப்போகுது. ரெண்டாவது சீசன் வேற! அது முதல் சீசன் அளவுக்கு இல்ல."

"முழுசாப் பாத்தீங்களா சார்?"

"பாக்காமலா சொல்றேன்?"

"பாத்து, கெட்டுப்போயிட்டீங்களா?"

"நானா? நான் எதுக்கு கெட்டுப்போறேன்!"

காயாம்பூ வண்டிக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, கெடாத ஆள் கிடைச்சாச்சு. ஸ்மார்ட் டிவியை எங்க விடுதியில இறக்குங்க."