நாலு விரற்கடை

உப்பளத்துக்குப் போகும் சாலையில் பிரேக் வேலைக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்தியவள் ஜெபமாலை. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அவளிடம் தொழில் கற்க வந்த நயினாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

நயினார் லாரி ஓட்டியவர். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு போக்கிடம் தெரியாமல் இங்கே வந்து நின்றார்.

"இத்தனை வருசம் பிரேக்கை மிதிச்சேன். கால் வைக்கிற பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்ததே இல்ல. கத்துக்குடுங்க."

அவள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். அவர் அவளை மேஸ்திரி என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

ஒருநாள் காலை உபதேசியார் ராயப்பன் தன் பழைய வெள்ளைக் காரை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி அவ்வளவு மெதுவாக ஓட்டி வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிறவர். பெடல் தரை வரைக்கும் போகிறது என்றார்.

காரைக் குழிக்கு மேல் நிறுத்தினார்கள். ஜெபமாலை கீழே இறங்கி, முன்னிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் பிரேக் பைப்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே ஈரம் தெரிந்தது.

"உப்புக்காத்து தின்னுருக்கு, உபதேசியாரே. முன்பக்கப் பைப்பு போன தடவை மாத்தினது, நல்லா இருக்கு. அதைத் தொட வேண்டாம். இந்த நீளப் பைப்பு மட்டும் புதுசு போடணும்."

"ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போட முடியாதாம்மா?"

"அடுத்த ஓட்டை அதுக்குப் பக்கத்துலதான் விழும்."

"ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாக்குறவன்கிட்ட செம்புக்குழாய் கிடக்கு. கேட்டா சும்மாவே குடுப்பான்."

"அதுல தண்ணி பிடிச்சுக் குடிங்க. பிரேக்குக்கு ஆகாது. நடுங்கி நடுங்கி இறுகி, ஒருநாள் சொல்லாமக் கீறிடும்."

உபதேசியார் தலையைச் சொறிந்தார். மறுநாள் விடியலில் மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். பெரிய செலவு என்றால் பேத்திக்கு ஸ்வெட்டர் கிடையாது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் டீ குடிக்கப் போனபின் நயினார் கேட்டார்.

"மேஸ்திரி, பாவமா இருக்கு. செலவைக் குறைக்கணும்னா எதுல குறைக்கலாம், எதுல குறைக்கக் கூடாது?"

"வேலையை முடிங்க. அப்புறம் கேளுங்க."

கம்பெனியில் வளைத்து வரும் பைப்புக்கு விலை அதிகம். அவள் செம்பும் நிக்கலும் கலந்த பைப்பைச் சுருளாக வாங்கி வைத்திருப்பாள். உப்பு அதை லேசில் தின்னாது. கையாலேயே வளைக்கலாம். சுருளில் இந்தக் காருக்குக் காணும் அளவே மீதி இருந்தது. நூல் பிடித்து அளந்து, நறுக்கென்று வெட்டி நயினார் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு முழுசா நீங்களே செய்யுங்க, அண்ணாச்சி. நான் என் வேன்கிட்ட இருக்கேன்."

பைப்பின் முனையைக் கருவியில் பிடித்துப் பூப்போல விரிக்க வேண்டும். விரிப்பதற்கு முன் நட்டை உள்ளே கோர்த்துவிட வேண்டும். முனை விரிந்தபின் நட்டு நுழையாது. இதை மறக்காத பிரேக் மெக்கானிக் இந்த உலகத்தில் இல்லை. மறந்தவன் விரித்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான்.

இந்தப் பட்டறையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சுவர் ஆணியில் ஒரு துருப்பிடித்த நட்டு சணல் கயிற்றில் தொங்கும். மறந்தவர் அதைச் சாயங்காலம் வரை கழுத்தில் போட்டுக்கொண்டு, தெருவுக்கே டீ வாங்கித்தர வேண்டும். ஜெபமாலையும் ஒருமுறை போட்டிருக்கிறாள். அன்று பக்கத்து வெல்டிங் கடை சாமுவேல், "ஏ ஜெபமாலை, தாலி கட்டினவன் பேரைச் சொல்லவேயில்லையே" என்று கத்தினான். "உன்னைக் கட்டுறதுக்கு இந்த நட்டு தேவலை" என்றாள் அவள். தெருவே சிரித்தது. நயினாரும் சிரித்தார்.

இன்று அவர் முதல் முனைக்கு நட்டைக் கோர்த்தார். விரித்தார். பைப்பை நிதானமாக வளைத்தார். எஞ்சின் பக்கம் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி ஒரு வட்டச் சுருள் போட்டார். மறுமுனையைக் கருவியில் வைத்து இறுக்கினார். அழகாகப் பூத்து வந்தது. மங்கிய கண்ணை மூடிக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்தார். தன் மேல் அவருக்கே ஒரு மதிப்பு வந்தது.

அப்போதுதான் இரண்டாவது நட்டு பலகையில் கிடப்பதைக் கண்டார்.

ஆணியைப் பார்த்தார். வாசலில் சாமுவேல் நின்றிருந்தான். அதே தெருவில்தான் அவர் பன்னிரண்டு சக்கர லாரியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். அந்தத் தெருவில் கழுத்தில் நட்டோடு நிற்க அவரால் முடியாது.

சத்தமில்லாமல் முனையை வெட்டினார். நட்டைக் கோர்த்தார். அவசரத்தில் இரண்டாம் முறை பூ கோணலாக வந்தது. அதையும் வெட்டினார். மூன்றாம் முறை சரியாக வந்தது. வெட்டிய துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காரில் மாட்டிப் பார்த்தபோது பைப் நாலு விரற்கடை எட்டவில்லை.

குழியிலிருந்து ஏறி வந்தார். பிறகு எஞ்சின் பக்கம் போட்டிருந்த வட்டச் சுருளைக் கட்டைவிரலால் நீவி நிமிர்த்தினார். பைப் எட்டியது. வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

"அண்ணாச்சி, நட்டு ரெண்டும் கோத்தீங்கல்ல?" வேனுக்கு அடியிலிருந்து ஜெபமாலையின் குரல் சிரிப்போடு வந்தது.

"கோத்தாச்சு மேஸ்திரி."

பொய் இல்லை. ஆனாலும் சொன்னபின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிரேக் எண்ணெய் ஊற்றிப் பைப்பிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். அவள் பெடலை மிதித்தாள், அவர் பின்சக்கரத்தில் திருகைத் திறந்து மூடினார். பெடல் கல் மாதிரி நின்றது. காகிதத்தால் இணைப்புகளைத் துடைத்துப் பார்த்தார். கசிவு இல்லை. உபதேசியார் வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, "நயினார், கைராசிக்காரர்யா நீர்" என்றார்.

நயினார் அவர் முகத்தைப் பார்க்காமல் கை துடைத்தார். துணி கறுத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேலை முடிந்த வண்டியை ஜெபமாலை ஒருமுறை முன்னிருந்து பின்வரை பார்ப்பாள். அன்றும் பானெட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். சுருள் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாள்.

"உபதேசியாரே, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. அப்படியே ஓடட்டும்."

எஞ்சின் உறுமியது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இந்த நட்டு மேல விரல் வைங்க."

வைத்தார். பைப் நட்டுக்குள் நுழையும் இடத்தில் வண்டியின் நடுக்கம் மொத்தமும் வந்து இடித்தது. விரல் நுனி மரத்துப்போனது.

அவள் நடந்துபோய் வேனையும் ஸ்டார்ட் செய்தாள்.

"இப்ப இங்க வைங்க."

வேனின் பைப்பில் சுருள் இருந்தது. சுருளுக்கு முன்னால் அதே நடுக்கம். சுருளைத் தாண்டி, நட்டின் மேல், ஒன்றுமே இல்லை. தூங்குகிற ஆளின் மணிக்கட்டு மாதிரி இருந்தது.

இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தினார்கள். சாலை அமைதியாகிவிட்டது.

"மலை இறங்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி? உங்களுக்குத்தான் தெரியும்."

அவருக்குத் தெரியும். எந்த வளைவில் லாரியின் பிரேக் வாடை மூக்கில் ஏறும் என்றுகூடத் தெரியும். பின்சீட்டில் ஒரு பிள்ளை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பள்ளத்தைப் பார்ப்பது அவர் மனக்கண்ணில் தெரிந்தது. பிள்ளைக்கு ஸ்வெட்டர் இருந்ததா என்பது தெரியவில்லை.

சட்டைப் பையில் கைவிட்டார். துண்டுகள் இரண்டையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு சின்னப் பூக்கள். ஒன்று நேர், ஒன்று கோணல்.

"என்ன அது?" என்றார் உபதேசியார்.

"உங்க பைப்புல நான் வெட்டினது. நட்டு கோக்க மறந்துட்டேன். நீளம் பத்தல. சுருளை நிமித்தி இழுத்து மாட்டிட்டேன்." நயினார் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கைராசின்னீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும்."

உபதேசியார் குனிந்து அந்தத் துண்டுகளைப் பார்த்தார்.

"என்னவே அண்ணாச்சி, கல்யாணமா?" சாமுவேல் வாசலில் நின்று கேட்டான். ஒருவரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜெபமாலை சுவரருகே போய் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். நயினார் அவளுக்கு வாகாகக் கழுத்தைக் குனிந்துகொண்டார். காது மடல் சுட்டது. கயிறு விழட்டும் என்று இருந்தது. விழுந்தால் நிமிர்ந்துவிடலாம்.

விழவில்லை. அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

தன் வேனுக்கென்று பரணில் வைத்திருந்த புதுப் பைப்புச் சுருளை இறக்கினாள். கயிற்றிலிருந்து துருப்பிடித்த நட்டை உருவிக் குப்பையில் போட்டாள். கயிற்றை இரண்டாக அறுத்தாள். புது நட்டுகள் இரண்டையும் பைப்பில் கோர்த்து, நழுவாதபடி அந்தக் கயிற்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"பிடிங்க அண்ணாச்சி."

நயினார் பைப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவள் காலையில் அளந்த அதே நூலை எடுத்து மறுபடி அளந்தாள். நூல் முடிந்த இடத்தில் கையை விரித்து ஒரு சாண் கூட்டி, அங்கே கட்டரை வைத்தாள்.

"அவ்வளவு வேண்டாமே மேஸ்திரி. உபதேசியாருக்குச் செலவுதானே."

"என் வேன் பைப்புதானே. செலவு அவருக்கில்ல."

கட்டரைச் சுற்றினாள். பைப் அறுந்து விழுந்தது. பிறகு அதை அவர் கையில் கொடுத்தாள்.

"எதுல குறைக்கக் கூடாதுன்னு காலையில கேட்டீங்க. நூல் பிடிச்சு நறுக்குன்னு வெட்டினப்பவே நான் குறைச்சு முடிச்சிருந்தேன், அண்ணாச்சி. தப்பு செய்றதுக்குன்னு ஒரு சாண் விட்டிருக்கணும்."