பெருந்தலையனுக்கு ஒரு வாய்

பனங்காட்டு ஓரத்தில் ஒரு கறையான் புற்று. அங்கே காவல் கறையான்களுக்குத் தீனி ஊட்டுவதுதான் வேலைக்காரக் கறையான் வெள்ளச்சியின் வேலை. ஊட்டாமல் முடியாது! காவலர்களின் பெரிய தாடைக்கு எதிரியைக் கடிக்கத்தான் வருமே தவிர, தானாக எடுத்துத் தின்ன வராது.

"இன்னும் ஒரு வாய், தங்கச்சி!" என்பான் வாசல் காவலன் பெருந்தலையன்.

"எறும்பு முகத்தைப் பார்த்தே எவ்வளவு காலமாச்சு? வாயைத் திறக்கிறதே உங்களுக்குப் பொழைப்பாப் போச்சுண்ணே!"

அவள் சலித்துக்கொண்டதிலும் நியாயம் இருந்தது. எப்போதோ மண் மூடிப்போன மேற்கு வாசலுக்குக்கூடக் காவல் இருந்தது! குஞ்சுகளோ அரை வயிற்றோடு சுருண்டு கிடந்தன. வெள்ளச்சிக்குப் பொறுக்கவில்லை. நேரே ராணியிடம் போனாள்.

"ராணியம்மா, காவலுக்குப் போடுற தீனியைக் குஞ்சுகளுக்குப் போடலாமே!"

"மேற்கு வாசலை மட்டும் நிறுத்தினால் போதாதா?"

"எல்லாத்தையுமே நிறுத்துங்கம்மா! எறும்புதான் வரலையே!"

ராணி சம்மதித்தாள். குஞ்சுகள் கொழுகொழுவென்று ஆயின. புற்றுக்குள் வளர்த்த காளான் தோட்டம் கூரையைத் தொட்டது. வெள்ளச்சிக்குப் பெருமை தாங்கவில்லை!

காவலர்கள் பாடுதான் திண்டாட்டம். தோட்ட வேலைக்கு வந்தார்கள். தாடை பட்ட இடமெல்லாம் காளான் துண்டுதுண்டானது.

"ஐயையோ, நாசம் பண்ணாதீங்க! போய் மூலையில உட்காருங்க!"

"எங்களுக்குத் தெரிஞ்ச வேலை கடிக்கிறது ஒண்ணுதானே, தங்கச்சி" என்றான் பெருந்தலையன். குஞ்சுகளின் அறைப் பக்கமாகப் போய் ஒடுங்கிக்கொண்டான். அவனும் மற்றக் காவலர்களும் பசியில் நாளுக்கு நாள் இளைத்தார்கள்.

காளான் வாசனை காற்றில் போனது. கட்டெறும்பு ஒன்று மோப்பம் பிடித்து வந்து எட்டிப் பார்த்தது.

"அடேய், வாசல்ல ஒருத்தனும் இல்லை! உள்ளே விருந்து காத்திருக்கு, வாங்கடா!"

படை படையாக நுழைந்தன எறும்புகள். சேர்த்து வைத்த தீனி போயிற்று. தோட்டம் போயிற்று. அடுத்தது குஞ்சுகளின் அறைதான்!

"அண்ணே! பிள்ளைங்க!" என்று அலறினாள் வெள்ளச்சி.

பெருந்தலையன் தள்ளாடி எழுந்தான். அறைக்குப் போகும் குறுகிய வழியில், புட்டிக்கு மூடி போட்டாற்போல் தன் தலையை வைத்து அடைத்தான். எறும்புகள் கடித்துக் குதறின. அவன் அசையவே இல்லை. கடைசியில் எறும்புகள் அலுத்துப்போய், கிடைத்த காளானோடு திரும்பின.

காயம்பட்ட தலையை மெல்லத் திருப்பி, வழக்கம்போல் வாயைத் திறந்தான். "ஒரு வாய், தங்கச்சி."

வெள்ளச்சி சுற்றிலும் பார்த்தாள். புற்றில் ஒரு துணுக்குத் தீனி இல்லை. அழுதுகொண்டே, தன் வயிற்றில் மிச்சமிருந்ததைக் கக்கி அவனுக்கு ஊட்டினாள்.

மறுநாள் திறந்த வாசலில் மறுபடி காவல் வந்தது. மூடிய மேற்கு வாசலுக்கு மட்டும் ராணி யாரையும் வைக்கவில்லை.

வீண் காவலைக் குறைப்பது புத்திசாலித்தனம். ஆனால், ஆபத்து வராமல் பார்த்துக்கொண்ட காவலையே, 'ஆபத்துதான் வரலையே' என்று சொல்லி நிறுத்தினால், மிச்சம் பிடித்ததும் எதிரிக்கே போய்ச் சேரும்.