என் லேப்டாப்பில் ஓடுகிறது

சீடர் கோபத்தோடு வந்தார். அவர் கோபமில்லாமல் வந்த நாள் குருவுக்கு நினைவில்லை.

இருதயராஜ் என்று பெயர். பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கணினிக் கருவி ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார். வந்தவர் எவரும் தங்கவில்லை. ஒற்றையாளாய்ச் சுமந்து சலித்துப்போயிருந்தார். குரு வளர்மதி அவரைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் இருதயராஜ் நிரல் எழுத அவரிடம்தான் கற்றார்.

"பரமக்குடியிலேர்ந்து நிலோஃபர்னு ஒரு பொண்ணு, மேடம். கருவியை நிறுவினாளாம், சரியா ஓடுதான்னு பாக்க நான் அதோட வச்ச சோதனை ஒண்ணுகூடத் தேறலையாம். என் லேப்டாப்புல எல்லாம் ஓடுது."

"என்ன பதில் சொன்னீங்க?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு எழுதினேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு போயிட்டா. போகட்டும்."

குருவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த லேப்டாப்பிலேயே நிலோஃபர் என்ற பெயரில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறக்கச் சொன்னார். அதற்குள் போய், கருவியோடு தந்திருந்த வழிமுறையில் எழுதியிருப்பதை மட்டும் செய்யவேண்டும். தெரிந்தது எதையும் சேர்க்கக் கூடாது.

இது வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே சீடர் செய்தார். கருவி நிறுவப்பட்டது. சோதனையை ஓட்டினார்.

திரை முழுக்கச் சிவப்பு. இருதயராஜின் கோப்புறைக்குள் நுழைய அனுமதி இல்லை என்று வரிக்கு வரி வந்தது.

எந்தப் பழைய எழுத்து யூனிகோடில் எதுவாகும் என்று சொல்லும் அட்டவணையை என்றைக்கோ தன் சொந்தக் கோப்புறையில் போட்டு மறந்திருந்தார். சோதனைகள் இத்தனை நாளும் அங்கே போய்த்தான் அதை எடுத்துக்கொண்டிருந்தன. வேறு யார் ஓட்டினாலும் தேறாது.

அவமானம் அவருக்குக் கோபமாகத்தான் வந்தது. மேசையை ஓங்கித் தட்டினார்.

"அட்டவணையைக் கருவியோடயே சேத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியப்போறதில்ல."

குரு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சேத்துட்டா அந்தப் பொண்ணு வந்துருமா?"

சீடரின் குரல் இறங்கியது.

"அப்படி எழுதிட்டு, இப்ப எந்த முகத்தோட மேடம் கூப்பிடறது?"

"இந்தச் சிவப்புத் திரையை அப்படியே அனுப்புங்க. மேல ஒரு வரி போதும். எனக்கும் ஓடலைன்னு."