சிவப்பில் உள்ளவை

திருநெல்வேலியில் ஒரு மென்பொருள் குழு. தலைவர் சிவநேசனுக்கு ஐம்பது வயது. அவர்கள் கட்டிய இணையதளத்தைச் சோதிக்க வந்த பெனிட்டாவுக்கு இருபத்தாறு, பிறவியிலேயே பார்வை இல்லை. வந்த அரை மணி நேரத்தில் நாலு பிழைகளைக் காதாலேயே பிடித்ததால், சிவநேசன் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

இரண்டு வாரம் ஒரு சுற்று என்பது அவர்கள் முறை. சுற்றுக்குக் கொஞ்சம் கட்டுவார்கள், காட்டுவார்கள், திருத்துவார்கள். ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். 'பார்வையற்றோர் சோதனை' என்ற மஞ்சள் சீட்டு மட்டும் பதினோரு தடவை அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போனது. யாருக்கும் அது உறுத்தவில்லை என்பதில்தான் இதை எழுதுகிற எனக்கு ஆத்திரம்.

"ஒரு நாள் போதுமா குருவே? திங்கக்கிழமை திறக்கணும்."

மாற்றுத்திறனாளிகள் பஸ் பாஸுக்கு விண்ணப்பிக்கும் தளம் அது. திங்கள் முதல் நேரில் போய் வாங்கும் கவுன்ட்டர் கிடையாது. பெனிட்டாவின் பாஸும் இந்த மாதத்தோடு முடிகிறது.

"ஸ்கிரீனை அணைங்க சார். மவுஸைத் தள்ளி வைங்க. எனக்கு ஒரு பாஸ் போட்டுத் தாங்க."

சிவநேசன் ஹெட்போனை மாட்டினார். திரையைப் படித்துச் சொல்லும் குரல் காதில் ஓடியது. பெயர், முகவரி, சான்றிதழ் எண். தான் கட்டிய படிவத்திலேயே, கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவர் மாதிரி தடவினார். இருபது நிமிடம் கழித்து 'சமர்ப்பி'யை அழுத்தினார்.

"சிவப்பில் உள்ளவற்றைச் சரிசெய்யவும்" என்றது குரல்.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே வரி.

"எதைச் சரிசெய்யணும்?" என்றார்.

"என்கிட்டயா சார் கேக்குறீங்க?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் சுற்றில் அந்த வரியை எழுதியதே அவர்தான். அன்றைக்குக் குழுவே பார்த்துக் கைதட்டியது.

எழுந்து போய், சுவரில் 'முடிந்தது' என்ற வரிசையிலிருந்து படிவத்தின் சீட்டைப் பிய்த்தார். பஸ் பாஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டு, கவுன்ட்டரை மூட வேண்டாம் என்று மன்றாடினார். இரண்டு வாரம் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து பெனிட்டாவின் எதிரில் உட்கார்ந்தார். இப்போது குரலில் கிண்டல் இல்லை.

"முதல் சுற்றுலயே கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் சார். சிவப்புன்னா என்னன்னு கேட்டிருப்பேன்."