ஐந்து போல்ட் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்துக் கட்டுவதில் ரெஜினாவுக்குக் கோவையில் பெயர் உண்டு. பொன்னுரங்கம் அவரைவிட வயதில் மூத்தவர். மோட்டார் பம்ப் கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஆசைக்காக அந்தப் பட்டறையில் சீடராகச் சேர்ந்தவர். எல்லோரையும் போல அவரும் ரெஜினாவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

சீடர் என்றதும் பணிவானவர் என்று நினைத்துவிட வேண்டாம். குரு ஒன்று சொல்லி முடிப்பதற்குள் இவர் இரண்டு சொல்லிவிடுவார்.

அவரிடம் இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அதன் சக்கரங்களுக்கு நான்கு போல்ட். அவர் ஆசைப்பட்டு வாங்கிய அகலச் சக்கரங்களுக்கு ஐந்து. சக்கரம் மாட்டும் ஹப்பையே மாற்ற வேண்டும் என்று ரெஜினா சொன்னார். பொறுமை ஏது? இடையில் ஒரு தகட்டை வைத்து மாட்டிக்கொண்டு, மனைவி கோதைநாயகியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவிநாசி சாலையில் தகடு தளர்ந்தது. இடது பின்சக்கரம் கழன்று காரையே முந்திக்கொண்டு ஓடியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து கோதைநாயகி அந்தக் காரில் ஏறுவதில்லை. ஒரே கல்யாணத்துக்கு அவர் காரிலும் அந்த அம்மாள் டவுன் பஸ்ஸிலும் போனார்கள். காலியான அந்தப் பக்கத்து இருக்கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு ஆறவில்லை.

இந்த முறை ஒழுங்காகச் செய்தார். நான்கு ஹப்பையும் மாற்றி, ஐந்து போல்ட் வைத்து, அளவு பார்த்து முடுக்கினார். ரெஜினா சோதித்துப் பார்த்தார். வேலையில் குறையில்லை.

"ஏனுங்க மாஸ்டர், அவ எப்பத்தான் என்னை நம்புவா?"

காலையில் கேட்டார். டீ குடிக்கும்போது கேட்டார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டும் கேட்டார். ரெஜினாவுக்குக் காது புளித்துவிட்டது.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்றா. வழியில பஞ்சரானா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறா. அத்தனையும் புது டயருங்க. கிளம்பறப்ப அபசகுனமாப் பேசாதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டியை எடுங்க. கோத்தகிரி வரைக்கும் போலாம்."

கார் அருமையாக ஓடியது. பொன்னுரங்கத்தின் வாயும் ஓடியது. இந்த வளைவை அவள் பார்த்திருக்க வேண்டும் என்றார். பெண்களுக்கு இயந்திரத்தின் மேல் நம்பிக்கையே கிடையாது என்றார். பக்கத்தில் இருப்பது யார் என்று நினைவு வந்ததும், உங்களைச் சொல்லவில்லை என்று சேர்த்துக்கொண்டார்.

மலையில் பாதை அகன்ற ஓரிடத்தில் ரெஜினா நிறுத்தச் சொன்னார். இறங்கினார். இடது பின்சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் அழுத்திப் பிடித்தார். டயர் முழுதாகப் படுக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"என்னங்க மாஸ்டர் இது?"

"பஞ்சர். மாத்துங்க."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தெரிந்த வேலைதானே. சட்டைக் கையை மடித்துவிட்டு, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, ஐந்து நட்டையும் கழற்றி வரிசையாக வைத்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். தூக்கி வைத்தார்.

போகவில்லை.

கொஞ்சம் திருப்பி வைத்தார். போகவில்லை. அந்தப் பக்கம் ஐந்து போல்ட், இந்தப் பக்கம் நான்கு துளை. கண்ணெதிரே தெரிந்தும் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"டிக்கியில இருக்கறது பழசுன்னு தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்களா?"

ஐந்து துளைச் சக்கரம் ஒன்றைக் காற்றடித்துப் பட்டறை வாசலில் வைத்திருப்பதாகவும், யாராவது அதை ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்றும் மட்டும் ரெஜினா சொன்னார்.

பொன்னுரங்கம் போனை எடுத்தார். தம்பியைக் கூப்பிட்டால் சிரிப்பான். கார் கிளப் நண்பர்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார்.

"யாரைக் கூப்பிடறதுன்னே தெரியலைங்க மாஸ்டர்."

"பஞ்சரானா என்ன பண்ணுவீங்கன்னு வீட்டுல கேட்டாங்கல்ல?" என்றார் ரெஜினா. "இன்னும் பதில் சொல்லலையே. அவங்களைக் கூப்பிடுங்க."