அர்த்தனாரி வண்டியை இளைக்க வைத்த கதை

சேலத்துக்குப் பக்கத்தில் மூக்குத்திப்பாளையம் என்று ஒரு ஊர். ஊரில் அறிவுக்குக் குறைவே இல்லை. யாரும் அதைச் செலவழிப்பதில்லை என்பதால் அப்படியே இருந்தது.

அந்த ஊர் அர்த்தனாரிக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. ஆலைக்குப் போய்வர ஒரு பழைய பைக் வைத்திருந்தான். பால்காரர் ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டி. சமதரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆடி மாதம் மனைவி கோகிலவாணியைப் பின்னால் உட்கார வைத்து ஏற்காட்டிலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோதுதான் அது மலையைப் பார்த்து மலைத்தது. பாதி வழியிலிருந்து பட்டுப்புடவையோடு கோகிலா தள்ளினாள். அர்த்தனாரி மேலே உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் தள்ளினால் யார் ஓட்டுவது?

அம்மா வீட்டு வாசலில் நின்று கோகிலா சொன்னாள்: "இந்த வண்டி மூச்சு வாங்காம மலை ஏறி வர்ற அன்னைக்குத்தான் நான் உங்களோட கீழ இறங்குவேன்."

அவன் தனியாகத் திரும்பினான். பழக்கதோஷத்தில் தினமும் இரண்டு தட்டு எடுத்து வைத்தான். இரண்டிலும் அவனே சாப்பிட்டான். இரண்டாவது தட்டில் மட்டும் சோறு இறங்கவே மாட்டேன் என்றது.

புது வண்டி வாங்க வழியில்லை. இருந்த ஒரு ஆட்டுக்குட்டியை விற்று, வண்டியை மெயின்ரோடு மெக்கானிக் ரபீக் பாயிடம் விட்டான். "ஆலைக்கும் போகணும் பாய், மலைக்கும் ஏறணும்" என்றான். பாய் இன்ஜினைப் பிரித்துப் புதுப் பிஸ்டன் போட்டார். ஆட்டுக்குட்டி அதோடு தீர்ந்தது.

"மீதியை நீங்களே செஞ்சுக்குங்க, காசு மிச்சம்" என்றார் பாய். "ஆயிலை மாத்துங்க. செயினுக்கு நல்லா எண்ணெய் விடுங்க. தேவையில்லாததைக் கழட்டிட்டா வண்டி லேசாகும். முக்கியமா, புதுப் பிஸ்டன். கொஞ்ச நாளைக்கு நாப்பதைத் தாண்டக் கூடாது."

கூடவே வந்திருந்த வையாபுரியின் முகம் வாடிப்போனது. வையாபுரி பக்கத்து வீட்டுக்காரர், வாட்டசாட்டமான மனிதர்.

"எனக்குப் போன தையிலேயே நாப்பது தாண்டிருச்சேப்பா" என்றார்.

"அப்ப நீங்க இதைத் தொடவே கூடாதுண்ணே. எனக்கு முப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்."

"பின்னால உக்காரலாமா?"

அர்த்தனாரி வெகுநேரம் யோசித்தான். "உக்கார்றதைப் பத்தி பாய் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் ஆயில் மாற்றும் வேலை. எதற்கு எதை மாற்றுவது என்று பேச்சு வந்தது. வையாபுரியின் மச்சான் மாதையனிடமும் ஒரு பைக் இருந்தது. இதன் ஆயிலை வடித்து அதில் ஊற்றினார்கள், அதன் ஆயிலை வடித்து இதில் ஊற்றினார்கள். இரண்டும் தார் மாதிரி கருப்பு.

"ஒரே மாதிரி இருக்கே?" என்று மாதையன் சந்தேகப்பட்டான்.

"அது என் கருப்பு, இது உன் கருப்பு" என்றான் அர்த்தனாரி. மாதையன் திருப்தியாக வீட்டுக்குப் போனான்.

செயினுக்கு எண்ணெய் விடுவதை சனிக்கிழமையில் வைத்துக்கொண்டார்கள். நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சித் தேய்த்து ஊற வைத்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள். எல்லாம் முடிந்து வண்டியை நிழலில் விடப்போன நேரத்தில் வையாபுரி பதறினார்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கவிடக் கூடாது. சளி பிடிச்சுக்கும்!"

பொழுது சாயும்வரை இருவரும் மாறி மாறி ஆக்ஸிலேட்டரை முறுக்கி அதை விழித்திருக்க வைத்தார்கள். பெட்ரோல் தீர்ந்து அது தானாகக் கண் அயர்ந்தபோது, "பாவம், விட்டுரு" என்றார் வையாபுரி.

அடுத்து, தேவையில்லாததைக் கழட்டும் படலம். முதலில் ஹாரன்.

"நம்ம ஊர்ல யாராச்சும் ஹாரனுக்கு ஒதுங்கிப் பாத்திருக்கியா?"

"இல்லண்ணே." ஹாரன் போனது.

"பின் சீட்டு?"

"கோகிலா உக்கார்றதுக்கு."

"கோகிலா இப்ப எங்க?"

"அவங்க அம்மா வீட்டுல."

"அப்ப எதுக்கு அது?" சீட்டைப் பாதியாக அறுத்தார்கள்.

"ஸ்டாண்டு? வண்டி ஓடும்போது ஸ்டாண்டுக்கு என்ன வேலை?"

ஒரு வேலையும் இல்லைதான். இரண்டு ஸ்டாண்டையும் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டபிறகு அர்த்தனாரிக்குக் கவலை வந்தது. "நிறுத்தணும்னா என்னண்ணே பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? கூட வந்து பிடிச்சுக்கறேன்."

"நீங்க தொண்ணூறு கிலோ இருப்பீங்களே."

"அந்த வெயிட்டு என்னோடதா, வண்டியோடதா?"

"உங்களோடது."

"அப்ப அது எப்படி வண்டிக் கணக்குல சேரும்?"

அர்த்தனாரிக்கு மனசு லேசானது.

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் ஊற்றி, அறுத்த இடத்தில் சாக்கை மடித்துப் போட்டு வையாபுரி உட்கார, மலைப்பாதையில் ஏறினார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் 'ஒலி எழுப்பவும்' என்று பலகை இருந்தது. ஹாரன் இல்லை. வண்டியை நிறுத்தி, வையாபுரி இறங்கிப் பிடித்துக்கொண்டு, இருவரும் "ஒலி! ஒலி!" என்று கத்தினார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர், ஒலி என்பவர் யாரோ பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று பயணிகளை இறக்கித் தேடச் சொன்னார்.

இரண்டாவது வளைவில் வண்டி திணறி நின்றது.

"எங்கியோ இன்னும் வெயிட்டு இருக்கு" என்றார் வையாபுரி கவலையாக. இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "ஒண்ணு செய். நான் நடந்து வரேன், நீ முன்னால போ. அப்பத்தான் நான் பின்னாலிருந்து நல்லாப் பாத்துக் கண்டுபிடிக்க முடியும்."

என்ன ஆச்சரியம், அதற்கப்புறம் வண்டி துள்ளிக்கொண்டு ஏறியது. அர்த்தனாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமியார் வீட்டு வாசலை மூச்சு வாங்காமல் அடைந்தான். அங்கேதான் நினைவு வந்தது: நிறுத்தினால் வண்டி விழுந்துவிடும். வீட்டைச் சுற்றி வர ஆரம்பித்தான்.

"கோகிலா! ஏறிருச்சு!"

கோகிலா வெளியே ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இறங்கி வாங்க!" என்றாள்.

"முடியாது!" அவன் சமையலறைப் பக்கம் மறைந்தான். அடுத்த சுற்றில் மிச்சத்தைச் சொன்னான். "ஸ்டாண்டு இன்னும் வரல! பின்னால நடந்து வருது!"

"காபி ஆறுது மாப்ள" என்று மாமியார் டம்ளரோடு வாசலில் நின்றார். சுற்றுக்கு ஒரு வாயாக அவன் குடித்தான்.

மத்தியானம் வையாபுரி வியர்த்து விறுவிறுத்து வந்து வண்டியைப் பிடித்தார். அர்த்தனாரி இறங்கியதும் தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள்.

"பின் சீட்டு எங்க?"

"நீ வீட்டுல இல்லியா, அதனால தேவையில்லன்னு..."

"இப்ப நான் வரேனே?"

அர்த்தனாரி வையாபுரியைப் பார்த்தான். வையாபுரி மரத்தைப் பார்த்தார்.

கோகிலா சொன்ன சொல் தவறாதவள். "வண்டி ஏறி வந்தா உங்களோட இறங்குறேன்னு சொன்னேன். எதுலன்னு சொல்லல. வாங்க, பஸ்ஸுல போவோம்" என்று பையை எடுத்தாள். பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அன்று இரண்டு தட்டிலும் சோறு நன்றாக இறங்கியது.

மறுநாள் காலையில் வையாபுரியின் மனைவி வந்தார். "ஏப்பா அர்த்தனாரி, எங்க வீட்டுக்காரர் ராத்திரி வரலையே?"

"ஏற்காட்டுல வண்டியைப் பிடிச்சிட்டு நிக்கறாருங்க அண்ணி."

"ஐயய்யோ! யாராச்சும் தள்ளிட்டுப் போயிட்டா?"

"பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்று அர்த்தனாரி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான்.

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனார்.