ரசமட்டம் வைத்த படுதா

“நான் எதுல குறை வெச்சேன்? சொல்லுங்கம்மா!”

மழையைப் பார்த்துக் கத்தினார் செங்கோடன். கேள்வி மழைக்கு அல்ல. பின்னால் வண்டிப் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பாவாயிக்கு.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடு அது. பாவாயிக்கு வேறு வீடு கிடையாது, மடமும் கிடையாது. ஏதாவது ஒரு மலையில் கொண்டுபோய் நிறுத்துவாள். கேள்வி உள்ளவர்கள் தேடி வருவார்கள். இந்த முறை கொல்லிமலையில் ஒரு மைதானம்.

செங்கோடன் அவளைவிட பதினைந்து வயது மூத்த சீடர். கீற்று சுமந்து தொடங்கி, கல்யாணப் பந்தல் போட்டே ஆளானவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளிடம் வந்தார். கோபத்தை மட்டும் விட மறந்து, கூடவே கொண்டு வந்துவிட்டார்.

வண்டியின் பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற படுதாவை நேற்று அவர்தான் கட்டினார். ஒரு ஓரம் வண்டிச் சுவரோடு. மறு ஓரம் திருகால் ஏற்றி இறக்குகிற இரண்டு இரும்புக் கால்களின் மேல். கயிற்றை முறுக்கி முளையடித்து, பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்ற பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

“ஒரு நூல் ஏத்த இறக்கம் காட்டுங்க பார்க்கலாம்! கல்யாணப் பந்தல்ல ஒரு பக்கம் தாழ்ந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரன் சட்டையைப் பிடிப்பான். அப்படித் தொழில் கத்தவன் நான்.”

“அழகாத்தான் கட்டியிருக்கீங்க” என்றாள் பாவாயி.

“அப்புறம் எதுக்குத் தொப்பை போடுது?”

படுதா நடுவில் மழைத்தண்ணீர் குளமாகத் தேங்கித் தொங்கியது. விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து முட்டினார். தண்ணீர் சரிந்து அவர் தலையிலேயே கொட்டியது. முகத்தைத் துடைப்பதற்குள் மறுபடி தொப்பை. காற்று வேறு வந்து ஒரு உலுக்கு உலுக்கியது. சுவரோரத் தையல் பிரிந்தது.

“துட்டு வாங்கிட்டுத் தைச்சானா, இல்லை கடனேன்னு தைச்சானா?” கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டினார்.

தையல் இன்னும் கொஞ்சம் பிரிந்தது.

போன் அடித்தது. எடுக்காமலே யாரென்று தெரியும். மைதானத்தின் கோடியில், வேலியோரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. உள்ளே அவர் தம்பி அர்த்தநாரி. மடியில் தாம்பூலத் தட்டு, மகளின் கல்யாணப் பத்திரிகை.

தொழிலைப் பிரித்த அன்று, ஆட்களுக்கு முன்னால், “நீ என்ன பெரிய இவனா?” என்று தம்பி கேட்டான். அண்ணன் ஓங்கி அறைந்தார். ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

“என்னடா?”

“நானே மலையேறி வந்துட்டனுங்க. மீதித் தூரம் நீங்க வாங்க.”

“மலை ஏறினது காருடா. நீ சும்மா உட்கார்ந்துதானே வந்தே?”

“சரி, பாதி. நடுவுல ஒரு சில்வர் ஓக் மரம் நிக்குதே, அங்க வாங்க. நானும் வர்றேன்.”

“மரம் உன் பக்கமாத் தள்ளி நிக்குது. எனக்கு நாலு எட்டு அதிகம். யார்கிட்டப் பேரம் பேசறே?”

“உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க. மரத்துக்கு உங்க பக்கமா ஒரு கல்லு கிடக்குது, அங்கன்னா?”

“அங்கன்னா வர்றேன். முதல்ல நீ கதவைத் திற.”

“முதல்ல நீங்க படுதாவை விட்டு வெளிய வாங்க.”

“ரெண்டும் ஒண்ணா நடக்கணும்டா! ஒரே நேரத்துல!”



“அண்ணா, கீழ பாதையில மண்ணு சரியுதாம். இப்பக் கிளம்பலைன்னா இறங்க முடியாது. பெரியப்பன் வராம மணவறையில உட்காரமாட்டேன்னு பிள்ளை அழுகுறா. அவகிட்ட என்ன சொல்லோணும்னு நீங்களே சொல்லுங்க.”

செங்கோடன் போனை அணைத்தார்.

“பார்த்தீங்களாம்மா திமிரை! நான் மூத்தவன். இருந்தும் நீ இறங்கி வான்னு கேக்கலையே? சமமா வான்னுதானே கேக்கறேன்? சமம் கேக்கறது ஒரு குத்தமா?”

பாவாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நிமிர்ந்து படுதாவைப் பார்த்தாள்.

“இது சமமா இருக்குதுங்களாண்ணா?”

“துல்லியமா இருக்குது. வேணும்னா ரசமட்டத்தை வெச்சுக் காட்டறேன்.”

“வேண்டாமுங்க. பாவம், தண்ணிக்குத்தான் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலை.”

மறுபடி காற்று அடித்தது. தையல் கரகரவென்று கிழிந்து வந்தது. செங்கோடன் பாய்ந்துபோய் ஒரு இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார். கோடியில் காரின் விளக்குகள் எரிந்தன.

“ஒரு காலை இறக்கணும், அதானே? தாழ்ந்த பக்கமாத் தண்ணி ஓடிரும். இது தெரியாதவனா நான்? ஆனா ரெண்டு கால் நிக்குதில்லம்மா? எதுக்கு இந்தக் கால் இறங்கணும்? அந்தக் கால் இறங்கினா ஆகாதா? எது இறங்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல!”

“உங்க கைக்கு எது எட்டுதுங்களோ, அதுங்கண்ணா.”

அவர் கை ஏற்கெனவே அந்தக் காலின் திருகு மேல்தான் இருந்தது. தளர்த்தினார். மூலை ஒரு முழம் தாழ்ந்தது. தேங்கியதெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடி மண்ணில் விழுந்தது. படுதா லேசானது.

கார் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. செங்கோடன் மழையில் இறங்கி நடந்தார்.

கல் வந்தது. மரமும் வந்தது. இரண்டையும் தாண்டி, எட்டு எண்ணாமல், காரை நோக்கிப் போனார்.